குடும்பத்தைப் பிரித்தது போனா? டிரங்க் கால் காலத்து ஆப்பரேட்டர் ஒருத்தியின் பதில்

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 68 வயது. சாயங்காலம் ஆனால் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார். பையன் அவன் அறையில் ஹெட்போனோடு. நான் சமையலறையில் தனியாக. தாத்தா வீட்டில் பதினாலு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். இந்தத் தொழில்நுட்பம்தானே நம் குடும்பங்களைப் பிரித்துப் போட்டது?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. தென் மாவட்டத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில், வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, அந்த இணைப்பு போர்டையே கழற்றிக் கொண்டுபோன பிறகும் வேறு வேலையில் தொடர்ந்து, ஓய்வு பெற்றவள் நான். ஒட்டுக் கேட்டாயா என்று கேட்காதீர்கள். லைன் கிடைத்ததா, இரண்டு பக்கமும் சத்தம் போகிறதா என்று பார்க்கும்போது காதில் விழுவது விழத்தான் செய்யும்.

முதலில் அந்தப் பதினாலு பேர். அவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டிருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் நம் ஊர் ஆண்களில் எத்தனை பேர் வீட்டிலேயே இல்லை என்பதையும் பாருங்கள். நகரத்தார் வீட்டு ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் முகம் காட்டுவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. பிறகு பம்பாய், பிலாய், பட்டாளம், எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறிய பின் வளைகுடா. குடும்பம் பிழைப்புக்காகப் பிரிந்தது, படிப்புக்காகப் பிரிந்தது, பங்காளிச் சண்டையில் பிரிந்தது. கருவிகள் வந்து சேர்ந்ததெல்லாம் அதற்குப் பிறகு, பிரிந்தவர்களுக்கு நடுவில். அதனால் பிரித்தது போன் என்பதை நான் ஏற்கவில்லை. போன் செய்தது வேறு வேலை. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் எப்போதும் மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தார், இல்லையா? கடிதத்தைப் படித்துச் சொன்னவர், பணத்தை வாங்கி எண்ணியவர், "பேசினது போதும், பில் ஏறுது" என்று சொன்னவர். ஒவ்வொரு கருவியும் அந்த நடு ஆளை ஒதுக்கியது, அல்லது வேறு ஒருவரை அந்த இடத்தில் உட்கார வைத்தது. தலைமுறைகளுக்குள் நடந்த மாற்றம் என்று நான் பார்ப்பது இதைத்தான்.

கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. தாத்தா கொழும்பில் கடையில் இருந்தார். கடுதாசி வந்தால் தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார், இல்லாவிட்டால் எட்டாம் வகுப்புப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன். "நலம், நலமறிய ஆவல்" தாண்டி அதில் என்ன இருக்க முடியும்? கணவன் மனைவிக்கு எழுதுவதை ஊரே கேட்கும் என்று எழுதுகிறவருக்குத் தெரியும். ஆச்சி பதில் சொல்லும்போதும் அப்படித்தான், எழுதுகிற பையனுக்கு முன்னால் எதைச் சொல்ல முடியும். ஆக, விலைவாசி, மழை, ஆடு குட்டி போட்டது, உங்கள் தம்பி சரியில்லை. அவ்வளவுதான் ஒரு தாம்பத்தியம். இன்லேண்ட் லெட்டரின் மடிப்பில், ஓரத்தில், ஒட்டுகிற இடத்தில் எல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுதுவார்கள். அந்த ஓரத்து வரிகளைத்தான் பையன் சத்தமாகப் படிக்கத் தயங்குவான்.

வளைகுடாக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேசட்டில் பேசி, ஊருக்கு லீவில் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புவது. டேப் ரெக்கார்டரும் அங்கிருந்துதான் வந்திருக்கும். ஒரு பக்கம் அம்மாவுக்கு, தம்பி தங்கைக்கு, எல்லோருக்கும் பொதுவாக. மறுபக்கம் மனைவிக்கு. மறுபக்கத்தைக் கேட்க அந்தப் பெண் எல்லோரும் தூங்கும்வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் டேப் ரெக்கார்டர் மாமியார் அறையில் பூட்டிய பீரோவுக்குள். படிப்பு இல்லாதவர்களுக்கு முதல் முறையாகத் தங்கள் சொந்தக் குரலில் கடிதம் போடக் கிடைத்தது இந்த கேசட்டில்தான். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

சரி, என் வேலைக்கு வருகிறேன். டிரங்க் கால் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும், நாங்கள் டிக்கெட் எழுதி வரிசையில் வைப்போம், லைன் கிடைக்கும்போது இரண்டு பக்கமும் கூப்பிட்டு இணைப்போம். ஆர்டினரி என்றால் காலையில் பதிந்தது மாலையில் கிடைத்தாலும் ஆச்சரியமில்லை. அர்ஜெண்ட் என்றால் இரு மடங்கு காசு. லைட்னிங் என்றால் எட்டு மடங்கு. அதைப் பதிகிறவர் ஒன்று பெரிய வியாபாரி, இல்லையென்றால் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். பி.பி. கால் என்று ஒன்று உண்டு: ஊரில் போன் இருக்கிற ஒரே ரைஸ் மில்லுக்கு அடித்து, இன்னார் மகள் இன்னாரைக் கூப்பிடுங்கள் என்று சொல்வது. மில்லில் இருந்து ஆள் ஓடும். அந்தப் பெண் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து மூச்சிரைக்க "அலோ" என்பாள். மூன்று நிமிஷம். மில் முதலாளி, கணக்கப்பிள்ளை, நெல் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, பம்பாயில் இருக்கிற புருஷனிடம் என்ன பேசுவாள்? "நல்லாருக்கேன். நீங்க நல்லாருக்கீங்களா. ம். ம். சரி." மூன்று நிமிஷம் முடிந்தது என்று நான் சொல்வதற்கு முன்பே பேச்சு தீர்ந்துவிடும். வெறும் மூச்சு மட்டும் லைனில் ஓடிய அழைப்புகளுக்கு நானே டிக்கெட் போட்டிருக்கிறேன்.

வீட்டில் போன் இருந்தவர்கள் நிலைமை மட்டும் என்ன? பல வருஷம் காத்திருந்து வாங்கிய கறுப்பு போன் ஹாலில், குரோஷா பின்னல் துணி போர்த்தி, டயலில் சின்னப் பூட்டுப் போட்டு இருக்கும். சாவி அப்பாவிடம். வெளியிலிருந்து வரும் அழைப்பை அப்பாதான் எடுப்பார். காலேஜில் படிக்கிற மகளுக்கு ஒரு பையன் போன் செய்து, அப்பா எடுத்தால், அந்தப் பையன் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவதுதான் அந்தக் காலத்துக் காதல்.

1984-இல் சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையம் ஆரம்பித்து, உள்நாட்டிலேயே செய்த சின்ன எக்ஸ்சேஞ்சுகள் கிராமம் வரை வந்த பிறகுதான், ஆப்பரேட்டர் இல்லாமல் நேராக வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. எங்கள் டிரங்க் போர்டுக்கு மரியாதை போனது அப்போதுதான், ஆனாலும் எனக்கு அந்தப் பூத்துகளைப் பிடிக்கும். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, சிவப்பு எழுத்தில் ஏறிக்கொண்டே போகும் மீட்டர். பல இடங்களில் மாற்றுத் திறனாளிகளுக்கு அதுதான் பிழைப்பு. இரவு 11 மணிக்கு மேல் பேசினால் நாலில் ஒரு பங்கு கட்டணம்தான் என்று ஒரு காலம் இருந்தது. சினிமா விட்ட கூட்டம் மாதிரி பூத் வாசலில் நிற்பார்கள். அந்தக் கண்ணாடிக் கதவைச் சாத்தினால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. கல்யாணமாகிப் போன பெண் தன் அம்மாவிடம் மாமியார் வீட்டைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னது முதலில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்தான் என்று நினைக்கிறேன்.

சாவுச் செய்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேதம் சொல்வது என்பது நம் பக்கத்தில் சாதாரண விஷயம் அல்ல. யாருக்கு முதலில், யாருக்கு நேரில், சம்பந்தி வீட்டுக்கு யார் போய்ச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் முறை உண்டு. முறை தப்பினால் இருபது வருஷப் பகை. அந்தச் செய்தியைச் சுமந்து ஊர் ஊராக நடந்தவர்கள் யார்? ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள். நள்ளிரவானாலும் மழையானாலும் அவர்கள் போக வேண்டும், சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். தந்தியும் அப்புறம் போனும் அந்த ஏவலை வெட்டியது. பழைய குடும்ப வாழ்க்கையின் அருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும். தந்தி வந்த காலத்தில் தந்திச் சேவகனின் சைக்கிளைப் பார்த்ததுமே, பிரிக்காமலேயே ஒப்பாரி தொடங்கிவிடும். உள்ளே "வேலை கிடைத்தது" என்று இருந்த கதைகளும் உண்டு. 2013 ஜூலையில் தந்தி நின்றது. இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு மச்சினன் மாலை போட்ட படத்தைப் போட்டுவிடுகிறான், சொந்தத் தம்பிக்கே அதைப் பார்த்துத்தான் தெரிகிறது. முறை போய்விட்டது. ஆனால் கோபம் போகவில்லை: "எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லத் தோணலையா" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையும் அப்படியே. பிடிஎஃப் வந்தால் கணக்கில் சேராது, நேரில் வந்து தட்டில் வைத்தால்தான் அழைப்பு.

டிவியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. ஊர்களுக்கு டிவி வந்தபோது தெருவே ஒரு வீட்டில் கூடியது உண்மைதான். ஆனால் யார் ஹாலில் உட்கார்ந்தார்கள், யார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 1993-இல் சன் டிவி வந்த பிறகு மாமியாரும் மருமகளும் ஒரே சீரியலில் வரும் மாமியாரைத் திட்டிக்கொண்டு ஒற்றுமையாக இருந்தார்கள். 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது பலர் கேலி பேசினார்கள். எனக்கென்னவோ ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் கேலி பேசிய மாதிரி தெரியவில்லை.

சமையலறைக்கு வந்தால் கிரைண்டரை விட முடியாது. கோயம்புத்தூரில் 1955-இல் சபாபதி என்பவர் செய்ததாகச் சொல்வார்கள். இன்றைக்குக் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதற்கு முன் ஆட்டுக்கல். ஒருத்தி குழவியைச் சுற்ற, இன்னொருத்தி மாவைத் தள்ளிவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் நாத்தனாரும் அண்ணியும் பேசிக்கொண்டது ஏராளம், மனசு விட்டுப் பேசியதும் உண்டு. அது போனது நஷ்டம்தான். ஆனால் கிரைண்டர் வாங்க வேண்டாம், கல்லில் ஆட்டினால்தான் இட்லி ருசி என்று சொன்ன எந்த ஆணும் குழவியைப் பிடித்து நான் பார்த்ததில்லை. நிறைமாதத்திலும் ஆட்டிய பெண்கள் இருந்தார்கள். 2011-இல் அரசு மிக்சி, கிரைண்டர், ஃபேன் மூன்றையும் கொடுத்தது, அப்போதும் கேலிதான்.

செல்போன் வந்த கதை உங்களுக்கே தெரியும். 1995 ஜூலை 31-இல் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு, கல்கத்தாவிலிருந்து அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு பேசினார். ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு 16 ரூபாய், வருகிற அழைப்புக்கும் காசு. 2003-இல் இன்கமிங் இலவசம் ஆனதும்தான் அது சாதாரண வீட்டுக்குள் நுழைந்தது, ஏனென்றால் அப்போதுதான் சம்பாதிக்காதவர் கையிலும் போன் இருக்கலாம் என்று ஆனது. அம்மாவுக்கு, மனைவிக்கு, காலேஜ் பிள்ளைக்கு. பேலன்ஸ் இல்லாமலேயே மிஸ்டு கால் கொடுக்கலாம்: ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு என்றால் திரும்பக் கூப்பிடு. குடும்பத்துக்குக் குடும்பம் இந்தச் சங்கேதம் மாறும். டயலுக்குப் பூட்டுப் போட்ட அப்பாவிடம் இதற்குச் சாவி இல்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. என் பார்வையில் வாட்ஸ்அப்பில் உருப்படியான ஒரே விஷயம் அந்த மைக் பொத்தான், குரல் பதிவு. பழைய கேசட்டேதான், ஆனால் பீரோவும் கிடையாது, லீவில் வருகிற ஆளும் வேண்டாம். எழுத்துத் தெரியாத பாட்டி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, துபாயில் இருக்கிற பேரனுக்கு ரசப்பொடி அளவு சொல்கிறாள், நடுவே கோழியை விரட்டுகிறாள், அதுவும் பதிவாகிறது. எங்கள் ஆச்சிக்குக் கிடைக்காதது இது. யாரும் படித்துக் காட்ட வேண்டாம், யாரும் எழுதித் தர வேண்டாம்.

இப்போது உங்கள் அம்மாவைப் பாருங்கள். போனும் கையுமாக உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? பம்பாய்த் தங்கையோடு பேசலாம், ஊர்க் கோயில் குடமுழுக்கு நேரலை பார்க்கலாம், நிஜமாகவே வெட்டியாக ரீல்ஸ் பார்க்கலாம். நாற்பது வருஷம் மற்றவர்களுக்குப் பரிமாறியவர் கொஞ்சம் வெட்டியாகத்தான் இருக்கட்டுமே. உங்களுக்குத் தனியாகத் தோன்றுவதற்குக் காரணம் வேறு என்று எனக்குப் படுகிறது. முன்பு அம்மா யாருடன் பேச வேண்டுமென்றாலும் உங்களைத்தான் நம்பர் போட்டுத் தரச் சொல்வார். பையன் பாட்டியிடம் எதுவும் கேட்க வேண்டுமென்றால் உங்கள் வழியாகத்தான். நடுவில் இருந்தவர் நீங்கள். இப்போது அம்மாவும் பேரனும் நேரடியாக மெசேஜ் அனுப்பிக்கொள்கிறார்கள். வேலை குறைந்தது, கூடவே உங்களிடம் வந்து சொல்லிக்கொண்டிருந்ததும் குறைந்தது. இது நம் தலைமுறைக்கு, அதாவது எனக்கும் உங்களுக்கும் இடைப்பட்ட எல்லோருக்கும், வலிக்கத்தான் செய்யும். தப்பென்று சொல்லவில்லை.

பையன் விஷயத்தில் ஒன்று மட்டும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பரில்தான் திறந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் நாமே போனைக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திக்கொள், சத்தம் போடாமல் கிளாஸைக் கவனி என்று சொன்னோம். வீட்டில் ஒரே போன் இருந்த இடங்களில் அது அண்ணனுக்குப் போனது, தங்கைக்கு மீதி நேரம். அந்தப் பழக்கம் ஒரே நாளில் போகாது. நான் மனநல நிபுணர் இல்லை, இதற்கு மேல் அளக்க மாட்டேன்.

எனக்கு உண்மையில் கவலை தருவது பணம். மணியார்டர் காலத்தில் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து ரூபாய் நோட்டை எண்ணி அம்மாவின் கையில் கொடுப்பார். கைநாட்டோ கையெழுத்தோ அம்மாவுடையது. மகன் எவ்வளவு அனுப்பினான் என்று தெருவுக்கே தெரியும், அதில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் தொல்லை. ஆனால் பணம் யார் கைக்கு வந்தது என்பதில் சந்தேகம் இல்லை. இன்றைக்கு எல்லாம் கணக்குக்குப் போகிறது. 2023 செப்டம்பர் 15-இலிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் குடும்பத் தலைவியின் கணக்குக்கே நேராக வருகிறது, நல்ல திட்டம். ஆனால் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி யாருடைய போனுக்கு வருகிறது? எங்கள் தெருவில் நான் பார்த்தவரை பல வீடுகளில் மகன் நம்பர், மருமகன் நம்பர். கார்டு பேரனிடம், பின் நம்பர் எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கு மட்டும் மறந்துவிடும். நடு ஆளை ஒதுக்கிய அதே போன் இங்கே புதிதாக ஒரு நடு ஆளை உட்கார வைத்திருக்கிறது. அவர் நல்லவராக இருந்தால் பிரச்சினை இல்லை. என்னைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு முன்பு நவம்பர் மாதம் வங்கிக்குப் போய் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடும் அலைச்சல் இருந்தது. 2014-இலிருந்து ஜீவன் பிரமாண் என்று கணினி வழியாகவும் கொடுக்கலாம், இப்போது முகத்தைக் காட்டினால்கூடப் போதும். அந்தச் செயலியை யார் போனில் போட்டு யார் திறந்து காட்டுகிறார்கள் என்று பார்த்தால், அங்கேயும் ஒரு பேரன் இருப்பான்.

அதனால் நீங்கள் செய்யக்கூடியது இது: அம்மாவின் சிம் யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கணக்கில் எந்த நம்பர் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் நம்பர் இருந்தால் மாற்றி அவர் நம்பரையே கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். "போலீஸ் பேசுறோம், வீடியோ காலை வைக்கக்கூடாது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்" என்று யாராவது மிரட்டினால் அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது, வைத்துவிட்டு சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லி வையுங்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதை மட்டும் உங்கள் பையனைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அம்மாவுக்கு அது அதட்டலாகப் படும், அவன் சொன்னால் கேட்டுக்கொள்வார்.